வண்ண மீன் தொட்டியில் சரளைக்குப் பதில் மணல்

பயிர்த் தொழிலோடு வண்ண மீன் வளர்ப்பையும் துணைத் தொழிலாக மேற்கொண்டுள்ள உழவர்கள் இன்று பலர். சென்னைக் கொளத்தூர்ப் பகுதியில் குடும்பம் குடும்பமாக நடைபெற்று வரும் இத்தொழில், பிற மாவட்டங்களிலும் காலூன்றியுள்ளது. வீட்டுத் தாழ்வாரத்தில் நான்கைந்து கண்ணாடித் தொட்டிகள், கொல்லையில் இரண்டு மூன்று சிமெண்டுத் தொட்டிகள் என்ற அளவில் இதனைச் செய்து வருவோர்க்கு, தாய் மீன்களைப் பேணும் தொட்டியே முதல். அத்தொட்டியின் அடியில் பெரும்பாலோர் சரளைக்கல் பரப்பியிருப்பார்கள். அதனை எடுத்துவிட்டு மணல் பரப்ப விரும்புவோர் இப்பொழுது மிகுந்து வருகின்றனர். விரும்புவதில் தவறில்லை. ஆனால் ஒரே நாளில் கல்லை அள்ளி வெளியே கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புது மணலும் புது நீரும் நிரப்பி மீனை விட்டால், மூன்றாம் நாள் முதல் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கும். மணலில் ஏதோ நஞ்சு இருந்தது என்று பலரும் எண்ணிக்கொள்கின்றனர். பெரும்பாலும் குற்றம் மணலினுடையதன்று. கல்லோடு சேர்த்து வெளியே கொட்டப்பட்ட ஒன்றுதான் காரணம். அது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால், ஒரு மீனும் இழக்காமல் இம்மாற்றத்தைச் செய்துவிடலாம்.

எந்த மீனுக்கு மணல் வேண்டும்?

முதலில் உங்கள் மீனுக்கு மணல் தேவையா என்று பாருங்கள். கப்பி, மோலி, ஏஞ்சல், கவுராமி போன்றவை நடு நீரிலும் மேல் நீரிலும் திரிபவை. அடியில் கல் இருந்தாலும், மணல் இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அவற்றுக்குக் குறைவில்லை. குஞ்சு வளர்க்கும் தொட்டியில் ஒன்றும் பரப்பாமல் வெறும் தரையாக விடுவதே சாலச் சிறந்தது. கழிவை நாள்தோறும் எடுத்துவிடலாம்.

மணல் வேண்டியது அடியில் மேயும் மீன்களுக்கு. நம் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் கிடைக்கும் அயிரையை நினைத்துப் பாருங்கள். ஆள் அரவம் கேட்டதும் மணலுக்குள் புதைந்துகொள்ளும். வாய் நிறைய மணலை எடுத்து, இரையை மட்டும் வைத்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியாக வெளியேற்றும். அயிரையின் உறவான கூலி லோச்சும், தென் அமெரிக்க ஆறுகளிலிருந்து வந்த கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தியும் இவ்வாறே மேய்பவை. இவற்றைக் கூர்மையான சரளையின் மேல் வளர்த்தால், கல்லைக் கிளறிக் கிளறி மீசை தேய்ந்து குட்டையாகிவிடும். புண்பட்ட இடத்தில் நோய்க் கிருமிகளும் புகும். மீசை தேய்ந்த கோரிடோராஸை வாங்க வருபவர் கையில் எடுத்ததுமே கீழே வைத்துவிடுவார். தங்க மீனுக்கு வேறொரு தொல்லை உண்டு. அதுவும் அடியைக் கிளறி மேயும் இனம். பட்டாணி அளவுக் கல் அதன் வாயில் சிக்கிக்கொள்வது உண்டு.

“மணலை விழுங்கினால் மீனுக்கு வயிறு அடைத்துக்கொள்ளாதா?” என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். பொடி மணல் செவுள் வழியாகவோ குடல் வழியாகவோ வெளியேறிவிடும். நடுத்தரக் கல்தான் சிக்கும்.

கல்லில் குடியிருப்பவை

மீன் உண்ணும் தீனியில் உள்ள புரதத்தின் கழிவு, பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் கலக்கிறது. மிஞ்சிய தீனி அழுகும்போதும் அம்மோனியாவே உண்டாகிறது. இது மீனுக்குக் கொடிய நஞ்சு. ஒருவகை பாக்டீரியா இதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதனால் மீனுக்கு அவ்வளவாகத் தீங்கில்லை. நீங்கள் புன்செய் நிலத்தில் அம்மோனியம் சல்பேட் இட்டால், அது நைட்ரேட்டாக மாறிப் பயிருக்குக் கிடைப்பதும் இதே வகை நுண்ணுயிர்களின் வேலைதான். நிலத்தில் மண் துகளில் ஒட்டி வாழ்வது போல, தொட்டியில் அவை கல்லின் மேலும், வடிகட்டியின் உள்ளும், கண்ணாடிச் சுவரிலும் வழுவழுப்பான ஏடாக ஒட்டி வாழ்கின்றன. நீரில் மிதப்பவை மிகக் குறைவு. ஆகவே பழைய நீரை மட்டும் பத்திரப்படுத்தி வைத்தால் போதும் என்பது சரியன்று.

இந்நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர் ஓர் இரவில் பெருகிவிடும்; இவை ஒரு மடங்கு இரு மடங்காவதற்கே ஏறத்தாழ ஒரு நாளோ அதற்கு மேலுமோ ஆகும். புதுத் தொட்டி ஒன்று நிலைக்கு வர 4 முதல் 6 வாரம் ஆவது இதனால்தான். கல் முழுவதையும் ஒரு நாளில் வெளியேற்றினால், உங்கள் தொட்டி மறுபடியும் புதுத் தொட்டியாகிவிடுகிறது. மீன்கள் மட்டும் பழைய எண்ணிக்கையில் இருக்கின்றன. தாய் மீன்களை இவ்வாறு இழப்பது விதை நெல்லை இழப்பதற்கு ஒப்பாகும்.

அம்மோனியாவின் கடுமை நீரின் கார அமில நிலையைப் பொறுத்தது. நீர் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும்போது, கார அமில நிலை 7 ஆனால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். அதுவே 8 ஆனால் நூற்றில் ஆறு ஏழு பங்கு நச்சு வடிவாகிவிடும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் கூடுதலாக எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மணலைத் தேர்ந்தெடுத்தல்

கழுவிய ஆற்று மணல் நல்லது. வீடு கட்டியபோது மிஞ்சிய மணல் ஒரு மூட்டை இருந்தால் அதுவே போதும். இதற்காக அனுமதியின்றி ஆற்றில் மணல் அள்ளப் போக வேண்டாம். சிமெண்டு கலந்த மணலை எடுக்கக் கூடாது. குடிநீர் வடிகட்டிகளில் நிரப்பும் தரம் பிரித்த மணல் கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் வாங்கலாம். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் இதற்கு உதவாது. அதன் விளிம்புகள் கூர்மையானவை, தூளும் மிகுதி. மீசையைக் காப்பதற்காக மணலுக்கு மாறும்போது, எம்-சாண்டை இடுவது வீண் வேலை. கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருப்பதால் அதுவும் ஆகாது.

ஆற்று மணலிலும் கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் தூள் இருக்கக்கூடும். ஒரு பிடி உலர்ந்த மணலின் மேல் வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அம்மணலில் சுண்ணாம்பு உள்ளது. நீரின் கார நிலையை அது உயர்த்திக்கொண்டே இருக்கும். வேறு மணல் தேடுவது நலம்.

பூச்சு வேலைக்குப் பயன்படும் சல்லடையில் சலித்துக் கற்களை நீக்கவும். பிறகு மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளைத் தள்ளிவிடவும். மிஞ்சுவது சர்க்கரைப் பருமன் உள்ள மணலாக இருக்கும். இதுவே ஏற்றது. மாவு போன்ற மணல் இறுகிக் கெட்டிப்படும். சலித்த மணலைக் கால் வாளி அளவு எடுத்து, அரிசி களைவது போலக் கலக்கிக் கலக்கி நீரை வடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறை கழுவிய பின்னரே நீர் தெளிந்து வரும். சோப்போ சலவைத் தூளோ கூடவே கூடாது. கழுவிய மணலை மூன்று நாள் நல்ல வெயிலில் பரப்பிக் காயவிட்டால், அதிலுள்ள அட்டை, நத்தை, பூச்சி முட்டை ஆகியவை அழியும்.

நிறத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பளிச்சென்ற வெள்ளை மணலின் மேல் நிற்கும் மீன், தன்னைச் சூழலோடு ஒப்ப ஆக்கிக்கொள்ள நிறத்தை வெளிறச் செய்துகொள்ளும். விற்பனைக்கு வைக்கும் மீனுக்கு இது நட்டம். நம் ஆற்று மணலின் பழுப்பு நிறமே மீனை எடுப்பாகக் காட்டும். கடைகளில் விற்கும் நீலச் சாயமிட்ட கற்களைப் பற்றி இங்குப் பேச வேண்டியதில்லை.

எவ்வளவு மணல் வேண்டும் என்பதைக் கணக்கிடுவது எளிது. தொட்டியின் நீளம், அகலம், பரப்ப வேண்டிய உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். அதனை 1.6-ஆல் பெருக்கினால் உலர்ந்த மணலின் எடை ஏறத்தாழக் கிடைக்கும். 3 அடி நீளமும் 1½ அடி அகலமும் உள்ள தொட்டியில் 3 செ.மீ. உயரத்திற்குப் பரப்ப 12½ லிட்டர், அதாவது சுமார் 20 கிலோ மணல் வேண்டும். சலிப்பதில் கழிவது போக இந்த அளவு தேற வேண்டும். 3 செ.மீ.க்கு மேல் பரப்புவதால் பயனில்லை. செடி நடுவோர் மட்டும் நடும் பக்கத்தில் 5 செ.மீ. வரை பரப்பலாம்.

மாற்றுவதற்கு முந்தைய வாரங்கள்

உங்கள் தொட்டியில் கல்லுக்கு அடியில் துளைத் தட்டு வைத்து, காற்றுக் குழாயால் நீரை இழுக்கும் வடிகட்டி உள்ளதா? கவனமாகப் படியுங்கள். இவ்வகைத் தொட்டியில் கல்தான் வடிகட்டி. நுண்ணுயிர்களில் பெரும்பங்கு கல்லிலேயே உள்ளது. மணல் அத்தட்டின் துளைகளை அடைத்துவிடும் என்பதால் தட்டையும் எடுத்தாக வேண்டும். எனவே கல்லைத் தொடுவதற்கு 6 வாரங்களுக்கு முன்பே ஸ்பாஞ்ச் வடிகட்டி ஒன்றை அதே தொட்டியில் வைத்து ஓட்டுங்கள். 3 அடித் தொட்டிக்கு இரண்டு வைப்பது நல்லது. நோயற்ற வேறு தொட்டியில் ஓடும் பழைய ஸ்பாஞ்சை இப்புது ஸ்பாஞ்சின் மேல் பிழிந்துவிட்டால், உறை ஊற்றியது போல் விரைவில் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே ஸ்பாஞ்ச் வடிகட்டியோ வெளி வடிகட்டியோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

தட்டு இல்லாத தொட்டியில் கல்லை மூன்று தவணையாக எடுக்கலாம். பத்து நாட்களுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் போதும். எடுக்கும் முன்பு ரப்பர் குழாயைக் கல்லுக்குள் செலுத்தி அழுக்கை உறிஞ்சிவிடவும். எடுத்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். அரைத் தொட்டி மணல், அரைத் தொட்டி கல் என்று வைத்தால் மணல் கல்லுக்கு அடியில் நழுவிச் சென்று பிரிக்க முடியாமல் ஆகிவிடும். தட்டு உள்ள தொட்டியில் இவ்வாறு தவணை முறை பின்பற்ற முடியாது. ஓரிடத்தில் கல்லை எடுத்ததும் நீர் அவ்வழியாகவே ஓடி, மற்றக் கல்லுக்குக் காற்று கிடைக்காமல் போகும். அங்கே எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியிருப்பதால்தான் 6 வாரம் காத்திருக்கச் சொல்கிறோம்.

வடிகட்டியைக் கல் எடுக்கும் வாரங்களில் கழுவ வேண்டாம். கழுவியே ஆக வேண்டுமென்றால் தொட்டி நீரிலேயே இரண்டு முறை பிழியவும். பிளீச்சிங் தூள் கலந்த குழாய் நீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும்.

மாற்றும் நாள்

மின்வாரியம் மின்தடை அறிவித்துள்ள நாளைத் தவிர்க்கவும். காலையிலேயே தொடங்குங்கள். முந்தைய நாள் மாலை முதல் தீனி இட வேண்டாம். புதிதாக ஊற்ற வேண்டிய நீரை ஒரு நாள் முன்பே பிடித்து, காற்றுக் குழாய் விட்டு வைக்கவும். இதனால் குழாய் நீரிலுள்ள குளோரின் நீங்கும்; ஆழ்குழாய்க் கிணற்று நீரிலும் ஆக்சிஜன் சேரும். மாடியிலுள்ள நீர்த்தொட்டியிலிருந்து நடுப்பகலில் நீர் பிடிக்கக் கூடாது. அந்நீர் மீனுக்கு வெந்நீர்.

தொட்டி நீரில் பாதியைச் சுத்தமான பிளாஸ்டிக் தொட்டிகளில் எடுத்துக்கொண்டு, மீன்களை அதில் மாற்றவும். ஸ்பாஞ்ச் வடிகட்டியையும் அதிலேயே போட்டுக் காற்று விட வேண்டும். அது வெயிலில் காய்ந்தாலோ, காற்றின்றி ஓரிரு மணி நேரத்திற்கு மேல் கிடந்தாலோ இத்தனை வார உழைப்பும் பாழ். மீன் துள்ளி வெளியே விழாமல் வலை மூடவும். பிறகு எஞ்சிய கல்லைச் சிறு முறத்தால் அள்ளி எடுக்கலாம். தட்டைத் தூக்கும்போது அதன் அடியிலிருந்து கரிய சேறு கிளம்பும். மீனைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது என்பது அப்பொழுது உங்களுக்கே தெரியும். அந்தச் சேற்று நீர் முழுவதையும் இறைத்துவிடுங்கள், தென்னைக்கு ஊற்றலாம். கண்ணாடிச் சுவரைத் தேய்க்க வேண்டாம்.

பாறைகள் வைப்பதானால் மணலுக்கு முன்பே, தொட்டியின் தரைமேல் நேராக அமர்த்தவும். மணல் மேல் வைத்த பாறையின் அடியை மீன் தோண்டினால் அது சாய்ந்து கண்ணாடியை உடைக்கும். அதன் பின் ஈர மணலைக் கையால் பரப்பி, மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அத்தட்டின் மேல் நீரை மெல்ல ஊற்ற வேண்டும். நேராக ஊற்றினால் குழி விழுந்து நீர் கலங்கும். மீன் நின்ற பழைய நீரையும் சேர்த்து ஊற்றிக்கொள்ளுங்கள். எடுத்த பழைய கல்லில் இரண்டு மூன்று கிலோவைத் தொட்டி நீரில் அலசி, கொசுவலைத் துணியில் மூட்டையாகக் கட்டி, காய்வதற்கு முன் தொட்டிக்குள், காற்றுக் குமிழிகளின் அருகே தொங்கவிடவும். பழைய குடித்தனக்காரர்கள் புது மணலுக்குக் குடிபெயர இது வழி செய்யும்.

நீர் சற்றுக் கலங்கலாகவே இருக்கும். ஒன்றிரண்டு நாளில் தெளியும். சுழலும் மோட்டார் உள்ள வடிகட்டியைத் தூசி படிந்த பின்பே இயக்கவும்; மணல் புகுந்தால் மோட்டார் தேயும். வெப்பநிலை ஒத்திருப்பதைக் கையால் தொட்டு அறிந்து, மாலைக்குள் மீன்களை விடலாம்.

பின்வரும் மூன்று வாரங்கள்

முதல் நாள் தீனி வேண்டாம். அடுத்த இரண்டு வாரங்களுக்கு வழக்கமான தீனியில் பாதி போதும். தீனி குறைந்தால் அம்மோனியாவும் குறையும். இந்நாட்களில் புது மீன் எதுவும் சேர்க்கக் கூடாது.

நாள்தோறும் காலையில் மீனைப் பாருங்கள். நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து மூச்சு வாங்குதல், செவுள் சிவந்து காணப்படுதல், மூலையில் துடுப்பை ஒடுக்கி நிற்றல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவத்தால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் அளந்து பார்ப்பது இன்னும் நல்லது. இரண்டும் இல்லை என்றே காட்ட வேண்டும். இருப்பதாகத் தெரிந்தால் மூன்றில் ஒரு பங்கு நீரை உடனே மாற்றுங்கள். தேவையானால் மறுநாளும் மாற்றுங்கள். நைட்ரைட் தெரிந்தால் 10 லிட்டர் நீருக்கு 3 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். கெளுத்தி இனங்கள் மிகுந்த உப்பைத் தாங்கா. ஆகவே இந்த அளவை மீற வேண்டாம்.

மணல் தொட்டியைப் பேணுதல்

கல் தொட்டியில் கழிவு இடுக்கில் இறங்கி மறைந்துவிடும். மணலில் அது மேலேயே கிடக்கும். சிலர் இதைக் கண்டு, மணல் அழுக்கானது என்கின்றனர். உண்மையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கை எடுப்பதே எளிது. ரப்பர் குழாயின் முனையை மணலுக்கு இரண்டு விரல் உயரத்தில் பிடித்து உறிஞ்சினால் கழிவு மட்டும் வரும்.

நடவு வயலில் கால் வைத்ததும் கரிய சேறும் அழுகிய முட்டை நாற்றமும் வருவதை அறிவீர்கள். காற்றுப் புகாத இடத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவே அந்நாற்றத்திற்குக் காரணம். மணல் ஆழமாகவும் இறுகியும் கிடந்தால் தொட்டியிலும் இதுவே நேரும். கண்ணாடி வழியே பார்க்கும்போது கருந்திட்டுகள் தெரியும். இவ்வாயு மீனைக் கொல்ல வல்லது. வாரம் ஒரு முறை விரலால் அல்லது ஒரு குச்சியால் மணலை மெல்லக் கிளறிவிட்டால் இது வாராது. அயிரையும் கோரிடோராஸும் மேலாகக் கிளறுமே தவிர அடி வரை செல்லா. நம் குளங்களில் கிடைக்கும், நீண்டு கூம்பிய ஓடுள்ள சிறு நத்தைகள் மணலுக்குள் புகுந்து உழுபவை. ஆனால் தீனி மிஞ்சினால் அளவின்றிப் பெருகிவிடும். கருந்திட்டு பெரிதாகத் தெரியும் தொட்டியைக் கிளற வேண்டாம். மீனை வெளியே எடுத்துவிட்டு, அவ்விடத்து மணலை மட்டும் குழாயால் உறிஞ்சி அகற்றுங்கள்.

ஆறாவது வாரம் கல் மூட்டையை வெளியே எடுத்துவிடலாம். எடுத்து வைத்த பழைய கல்லை எறிந்துவிடாதீர்கள். ஜீப்ரா, டைகர் பார்ப் போன்ற மீன்கள் முட்டைகளை நீரில் தூவிவிட்டுத் தாமே அவற்றைத் தின்றுவிடும் இயல்புடையவை. இவற்றின் இனப்பெருக்கத் தொட்டிக்கு மணல் ஏற்றதன்று, கல்லே வேண்டும். பழைய கல்லைக் கழுவி வெயிலில் காய வைத்து, அத்தொட்டியில் இரண்டு மூன்று அடுக்காகப் பரப்பி, அதன் மேல் ஒரு சாண் உயரத்திற்குள் நீர் விடுங்கள். முட்டைகள் கல் இடுக்கில் இறங்கிவிடும். தாய் மீனின் வாய் எட்டாது. முட்டையிட்டு முடித்ததும் தாய் மீன்களை அன்றே வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.